ஆறாவது மணி மாத்திரை

பிப்ரவரி 4

மாமாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள். ஒன்றரைப் பக்கம்தான்.

அக்கா போன வாரம் போன் செய்தாள். தொடையில் இருந்த கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள், அது சாதாரணக் கட்டி இல்லை, பத்தாம் தேதி கீமோ தொடங்குகிறார்கள் என்றாள். உங்கள் நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அது உங்கள் இஷ்டம்.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விசாரணையில் நான் சொன்னதை இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் அப்படியே சொல்வேன். வண்டி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதுவதற்கு முந்தைய வளைவு வரைக்கும் பிரேக் நன்றாகப் பிடித்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். அதிகாரி இரண்டையும் வைத்துக்கொண்டு, பாதித் தப்பு டிரைவர் மேல், பாதித் தப்பு அன்று காலை வண்டியைப் பார்த்து அனுப்பிய மெக்கானிக் மேல் என்று பங்கு போட்டார். உங்களை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, ஓய்வு பெறும் வரை டிப்போ கேட்டைத் திறந்து மூட வைத்தார்கள். அன்றிலிருந்து உங்கள் வீட்டு வாசல் எனக்கு மூடிக்கொண்டது. நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவுமில்லை, ஒன்றும் குறைக்கவுமில்லை.

சொல்ல வந்தது வேறு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அக்கா போனிலேயே படித்துக் காட்டினாள். தினம் மூன்று லிட்டர் தண்ணீர். இரண்டு மணிக்கொரு தடவை பாத்ரூம். அதற்கப்புறம் அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. பதினாறு வருஷம் உங்கள் வண்டியில் விசில் ஊதியவன் நான். வண்டி எடுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னாலிருந்தே நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். வழியில் இறங்கவும் மாட்டீர்கள். டிப்போவில் உங்களுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான்.

இந்த ஒரு விஷயத்தில் ஒட்டகமாக இருக்காதீர்கள். அவ்வளவுதான்.

மச்சான்


பிப்ரவரி 16

கண்டக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழிக்கிற நேரத்தில் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் நீ, வா, போதான்.

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஏற்கனவே இருக்கிற வியாதி போதும். கடிதம் என்றால் பரவாயில்லை, நடுவில் குறுக்கே பேச மாட்டாய்.

முதல் தடவை முடிந்தது. மூன்று நாள். தினமும் காலையில் போய் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். வரிசையாகப் பதினான்கு நாற்காலி. டிப்போவில் வண்டி நிற்கிற மாதிரி ஒவ்வொருவரும் அவரவர் நம்பரில் நிற்கிறோம். முதலில் ஒரு சிவப்பு மருந்து. அது ஏறிய அன்றும் மறுநாளும் ஒன்றுக்குப் போனால் சிவப்பாகத்தான் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அப்புறம் ஒன்பது மணிக்குக் கட்டிக்கான பெரிய மருந்து. அதோடு கூடவே இன்னொரு சின்ன பாட்டில் தொங்குகிறது. இது எதற்கு என்று கேட்டேன்.

"இது மெஸ்னாங்க. கட்டிக்கு ஒண்ணும் பண்ணாது. உங்க மூத்திரப்பைக்குக் காவல்," என்றாள். பெரிய மருந்து உடம்பில் உடையும்போது அதிலிருந்து ஒரு விஷம் பிரிந்து சிறுநீரோடு போய்ப் பையில் தங்குமாம். தங்கினால் பையின் உள்தோலை அரித்துவிடுமாம். மெஸ்னா அந்த விஷத்தைப் பிடித்துக் கட்டி, தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுமாம்.

அதாவது, ஓட்டுகிறவன் ஒருத்தன். ஒரு வேலையும் செய்யாமல் கூடவே வருகிறவன் இன்னொருத்தன். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது.

பாட்டிலோடு முடியவில்லை. மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து இரண்டாவது மணியில் ஒரு மாத்திரை, ஆறாவது மணியில் ஒரு மாத்திரை. பதினொரு மணி மாத்திரையை நர்ஸ் கையாலேயே கொடுத்துவிடுகிறாள். மூன்று மணி மாத்திரை நம் பொறுப்பு. அட்டையைப் பிரித்தால் அழுகின முட்டை நாற்றம். விழுங்கிய பிறகும் ஏப்பத்தில் அதேதான். இதை ரெண்டு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும்.

குடிக்கிறேன். உன் கவலைக்கு நன்றி. பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

டிரைவர் (ஓய்வு)


பிப்ரவரி 22

மாமாவுக்கு,

ஒரு வேலையும் செய்யாமல் கூடவே வருகிறவன் எழுதுகிறேன்.

நான் இப்போது வண்டியில் போவதில்லை. இங்கே மாறுதல் வாங்கி வந்து டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிஷம் லேட் என்பதைத் தவிர எனக்கு வேறு உலகம் கிடையாது. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் நேரத்தைத்தான் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு மருந்து. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு ஊசியை எடுத்துவிடுவார்கள். ஒன்றரை மணி வண்டியைப் பிடித்தால் வீட்டுக்கு வர மூன்றரை. வழியில் ரோடு வேலை நடப்பதால் நான்கு கூட ஆகும் என்று அங்கிருந்து வருகிற டிரைவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் மூன்று மணிக்கு நீங்கள் பஸ்ஸில் இருக்கிறீர்கள். பஸ்ஸில் இருக்கும்போது ரெண்டு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை போடுகிற ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆள் வண்டியில் இருக்கும்போது எச்சில்கூட விழுங்க மாட்டார்.

முதல் தடவை அக்கா மூன்று நாளும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். அடுத்த தடவை தையல் கம்பெனியில் ஒரு நாளைக்கு மேல் விடமாட்டேன் என்கிறார்களாம். வாடகைக் கார் வைத்துக்கொள்ளச் சொன்னால், டிரைவராக இருந்தவன் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போவதா என்று கேட்டீர்களாம். வேண்டாம், கார் வேண்டாம். ஆஸ்பத்திரியிலேயே மூன்று மணி வரை உட்கார்ந்து, மாத்திரையைப் போட்டு, ரெண்டு தடவை பாத்ரூம் போய்விட்டு, நாலே முக்கால் வண்டியில் வாருங்கள். அந்த வண்டியில் கூட்டம் இருக்காது. பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மெக்கானிக்கும் இந்த டிப்போவில்தான் இருக்கிறார். விசாரணைக்கு அப்புறம் அவர் கையில் ஸ்பேனர் கொடுக்கவில்லை. வண்டி கழுவுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். தினமும் காலையில் என் ஜன்னல் வழியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். "உங்க மாமா எப்படி இருக்காரு?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். "பார்த்துக்கச் சொல்லுங்க," என்றார்.

மச்சான்


மார்ச் 10

மச்சானுக்கு,

மெக்கானிக்கைப் பற்றி எழுதி என்னைக் குத்திப் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது தடவையும் முடிந்தது. மூன்றாம் தேதி உன் அக்கா வந்தாள். நாலாம் தேதியும் ஐந்தாம் தேதியும் நானே போய்விட்டு வந்தேன். நாலே முக்கால் வண்டி வரை அங்கே உட்கார எனக்குப் பொறுமை இல்லை. வாந்தி எடுக்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் எனக்கும் வருகிறது. ஒன்றரை வண்டியில் ஏறிவிட்டேன்.

நீ சொன்னது சரிதான். மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. தண்ணீர் பாட்டில் மடியில் இருந்தது. மூன்று மணிக்கு ரெண்டையும் கையில் எடுத்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, பின்னால் காலேஜ் பிள்ளைகள். குடித்தால் அரை மணி நேரத்தில் முட்டும். வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் பார்க்க ரோட்டோரம் இறங்கி நிற்க வேண்டும். திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது நாலேகால். அப்போது போட்டிருக்கலாம். களைப்பில் படுத்துவிட்டேன். முதல் நாள் ஐந்தரைக்குப் போட்டேன். இரண்டாம் நாள் போடவில்லை. இது கட்டிக்கான மருந்து இல்லையே, காவலுக்குத்தானே, ஒரு நாள் காவல்காரன் வராவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

இப்போது சொல்லப்போவது உன்னோடு இருக்கட்டும்.

ஐந்து நாளாகச் சிவப்பாகப் போகிறது. முதலில் அந்தச் சிவப்பு மருந்துதான் என்று இருந்தேன். ஆனால் இது செங்கல் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. முந்தாநாள் அதில் துண்டு துண்டாகக் கட்டி வந்தது. போகும்போது கண்ணில் தண்ணீர் வருகிற எரிச்சல். போய்விட்டு வந்த உடனே மறுபடியும் முட்டுகிறது, போனால் நாலு சொட்டு. உன் அக்கா கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

அவளிடம் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பது முழுக்கப் பெண் பிள்ளைகள், அந்த நர்ஸுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ ஏற்கனவே பகையாளி. உன்னிடம் மானம் போனால் புதிதாக ஒன்றும் போகப் போவதில்லை.

தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அக்காவிடம் மூச்சு விடாதே.

மாமா


மார்ச் 13

மாமா,

கடிதம் இன்று காலை பத்து இருபதுக்குக் கிடைத்தது. பத்து முப்பதுக்கு அக்காவின் கம்பெனிக்கு போன் செய்து, மேனேஜரிடம் கெஞ்சி, அவளை மெஷினிலிருந்து எழுப்பிப் பேசச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செங்கல் தண்ணீர், கட்டி, குழாயைத் திறந்து வைத்தது, போடாத மாத்திரை, எல்லாம்.

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாள்.

அந்தச் சிவப்பு மருந்தின் நிறம் இரண்டு நாளில் போய்விடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு நாள் ஆகிறது. என்னிடம் ரகசியம் சொன்னீர்கள். நான் காப்பாற்றவில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன். கோபித்துக்கொள்ள உயிரோடு இருந்தால் போதும்.

மச்சான்


மார்ச் 27

மச்சானுக்கு,

மறுபடியும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாய். வாழ்த்துகள்.

வார்டில் இருந்து எழுதுகிறேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில். கீழே ஆஸ்பத்திரி வண்டிகள் நிற்குமிடம். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் அக்கா அன்று பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். பாத்ரூமுக்குள் போனாள், வெளியே வந்தாள், "கிளம்புங்க," என்றாள். வாசலில் கார் நின்றது. பின்சீட்டில்தான் சாய்ந்துகொண்டு வந்தேன்.

அந்தச் சின்ன நர்ஸ்தான் இருந்தாள். "எத்தனை நாளா இப்படிப் போகுது?" என்று கேட்டாள். ரெண்டு நாளாக என்றேன். உன் அக்கா என்னைப் பார்த்தாள். எட்டு நாளாக என்றேன். நர்ஸ் எழுதிக்கொண்டே, "நிறையப் பேர் இப்படித்தாங்க ஐயா, கூச்சப்பட்டுக்கிட்டு லேட்டா வர்றாங்க. இதுல கூச்சப்பட என்னங்க இருக்கு? எனக்கு இது உங்க வண்டிக்கு ஆயில் லீக் ஆகுற மாதிரி," என்றாள். நான் டிரைவர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தவுடனே இடது கை கியரைத் தேடுகிறதாம்.

குழாய் போட்டார்கள். பைக்குள் உப்புத் தண்ணீரை விட்டு விட்டு அலசினார்கள். மூன்று நாள். என் வாழ்க்கையில் அந்த மூன்று நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசப் போவதில்லை, உன்னிடமும். நாலாம் நாள் தண்ணீர் வெளுத்தது. பெரிய டாக்டர் வந்து, அடுத்த தடவை இரண்டு வாரம் தள்ளிப் போகிறது என்றார். மருந்தை நிறுத்த மனசில்லை, நன்றாக வேலை செய்கிறது, இனிமேல் வார்டிலேயே படுக்க வைத்து மெஸ்னாவை மாத்திரையாக இல்லாமல் டிரிப்ஸிலேயே ராத்திரி பகல் ஓட விடுவோம், என்றார். போகிறபோது, "ஒரு மாத்திரைதானேன்னு நெனைச்சீங்க, இல்ல?" என்றார்.

இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பை தொங்குகிறது, அதில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. ரெண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்றைக்குப் பிரேக் பிடித்தது.

காலை ஐந்தரைக்கு எடுத்த வண்டி. அன்று எனக்கு என்னவோ வயிறு சரியில்லை என்று உன் அக்கா வற்புறுத்தி ஒரு சொம்பு வெந்நீர் குடிக்க வைத்தாள். எட்டு மணிக்கே முட்ட ஆரம்பித்துவிட்டது. வழக்கமாக நிற்கிற இடத்தில் கக்கூஸைப் பூட்டி வைத்திருந்தார்கள். நீ இறங்கிப் போய் மரத்துப் பக்கம் நின்றுவிட்டு வந்தாய். என்னால் முடியவில்லை. வண்டி நிறையப் பெண்கள், எல்லா முகமும் ஜன்னலில். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். பத்தரை மணிக்கு அந்த வளைவு வந்தது. அடிவயிற்றில் கத்தியை விட்டுத் திருகின மாதிரி ஒரு இழுப்பு. உடம்பு இரண்டாக மடிந்தது. கால் பிரேக்கைத் தேடி, பெடலின் ஓரத்தில் வழுக்கியது. ஒரு நொடி. அதற்குள் பாலத்துச் சுவர்.

மோதின வேகத்தில் எனக்கு எல்லாம் போய்விட்டது. கால்சட்டை முழுக்க. பின்னால் ஜனங்கள் கத்துகிறார்கள், ஒரு அம்மாவுக்குக் கை முறிந்து தொங்குகிறது, எனக்கு என் கால்சட்டை பற்றித்தான் கவலை. சீட்டுக்குப் பின்னால் இருந்த ரேடியேட்டர் தண்ணீர்க் கேனை எடுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டேன். நீ ஏறி வந்தபோது, கேன் உடைஞ்சிடுச்சு, பிரேக் பிடிக்கல என்று சொன்னேன். முதலில் வாயில் வந்தது அதுதான். அப்புறம் அதையே எழுதிக் கொடுத்தேன்.

பதினோரு பேருக்கு அடி. ஒருத்தரும் சாகவில்லை என்பது என் திறமை இல்லை.

இதை உன் அக்காவுக்குக்கூட நான் சொன்னதில்லை. நீ சொல்வதாக இருந்தால் சொல்லிக்கொள். நான் தடுக்கவில்லை.

மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்.

முதல் கடிதத்தில், ஒன்றும் சேர்க்கவுமில்லை, ஒன்றும் குறைக்கவுமில்லை என்று எழுதினேன். அது பொய்.

நான் பார்த்தேன் மாமா. நீங்கள் கேனைத் தூக்கியபோது நான் முன்படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாடையும் தெரிந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் ரோட்டில் நின்று, பிறகு கதவைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே மறுபடி ஏறினேன். மாலையில் வண்டியை டிப்போவுக்கு இழுத்து வந்ததும் உங்கள் சீட் உறையைக் கழற்றி நானே துவைத்துப் போட்டேன். டிப்போப் பையன்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

விசாரணையில் அதிகாரி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "பிரேக் எப்படி இருந்துச்சு?" முந்தின வளைவு வரைக்கும் நன்றாக இருந்தது என்றேன். "டிரைவருக்கு அன்னிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" இல்லைங்க சார், நல்லாத்தான் இருந்தார் என்றேன்.

இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மெக்கானிக் பெயரே அந்த அறிக்கையில் வந்திருக்காது. பிரேக்கும் நன்றாக இருந்தது, டிரைவரும் நன்றாக இருந்தார் என்று சாட்சி சொன்னால், அதிகாரி யாரை நம்புவது? பாதிப் பாதியாகப் பிரித்தார். நீங்கள் மூன்று வருஷமாக என்னைத் திட்டியது நான் சொன்னதற்காக. மெக்கானிக்குக்குத் தெரிந்தால், சொல்லாததற்காகத் திட்ட வேண்டும். அவருக்குத் தெரியாது. அதனால் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே ஒரு நல்ல பெயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசாமல் இருந்தபோதுகூட, இவருக்கு என்ன தெரியும், நான் இவருக்குச் செய்தது என்ன என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. உங்களுக்கு நான் கொடுத்த அந்த மானம், மெக்கானிக் கையிலிருந்து பிடுங்கியது.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. இது நீங்கள் சொல்ல வேண்டியது. ஆபீஸுக்கு நான் சொல்ல வேண்டியதை நான் எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. உங்கள் உடம்பு இருக்கிற நிலையில், நீங்கள் சரி என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

மச்சான்


ஏப்ரல் 12

மச்சானுக்கு,

ஏழாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை மூன்றாவது தடவை. வார்டிலேயே. பெரிய மருந்து ஏறுவதற்கு முன்னாலிருந்து, முடிந்து மறுநாள் வரை, மெஸ்னா ஓடிக்கொண்டே இருந்தது. அதோடு உப்புத் தண்ணீர் வேறு. மணிக்கொரு தடவை எழுந்து போய், அளவு போட்ட ஜாடியில் பிடித்து, நர்ஸ் கையில் கொடுக்க வேண்டும். முதல் தடவை ஜாடியைத் துண்டால் மூடிக்கொண்டு போனேன். மாலைக்குள் துண்டு எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

தினமும் காலையில் ஒரு காகிதப் பட்டியை அந்த ஜாடியில் முக்கிப் பார்க்கிறார்கள். ஒரு நாள் புதிதாக வந்த டாக்டர் பிள்ளை பட்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். சர்க்கரை வியாதிக்காரருக்கு வருகிற மாதிரி ஏதோ நிறம் மாறியிருக்கிறதாம். சின்ன நர்ஸ், "சார், மெஸ்னா ஓடுறப்ப பட்டி அப்படித்தான் பொய் சொல்லும்," என்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரத்தம் மட்டும் ஒரு நாளும் இல்லை.

உன் கடிதம் ஊசி போடுவதற்கு முன்னால் வந்தது. நீ பார்த்திருக்கிறாய் என்று படித்தபோது, முதலில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. பிறகு அந்த சீட் உறை. மறுநாள் டிப்போவுக்குப் போய் அதைத்தான் தேடினேன். இல்லை. கழுவுகிறவர்கள் எடுத்திருப்பார்கள், அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும் என்று ஓய்வு பெறும் வரை டிப்போவில் ஒருத்தன் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை நான்.

உன் அக்காவிடம் சொன்னேன். மாலையில் பார்க்க வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "இதுக்காகவா என் தம்பியை மூணு வருஷம் வீட்டுப் படி ஏற விடல?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு பேண்ட் துவைக்கிற வேலை. அவ்வளவுதானே?" என்றாள். அப்புறம் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இங்கே தண்ணீருக்கு மட்டும் பஞ்சம் இல்லை.

ஆபீஸுக்கு ரெண்டு பக்கம் எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனாலும் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று நானே எழுதினேன். வயிற்றுவலி என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டு, மூத்திரம் என்றே எழுதினேன். இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையதையும் சேர்த்து நீயே கொடுத்துவிடு. மெக்கானிக்குக்கு ஒரு நகல் போக வேண்டும். அதையும் நீயே கையில் கொடு, தபாலில் போடாதே.

மாமா


மே 6

மாமாவுக்கு,

நாலாவது தடவையும் சிக்கல் இல்லாமல் போனதாக அக்கா சொன்னாள். இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு கடிதத்தையும் ஆபீஸில் கொடுத்தேன். வாங்கிய மேலாளர் படித்துவிட்டு, "முடிஞ்சு போனதை ஏன்யா கிளர்றீங்க?" என்றார். முடிந்துபோகவில்லை, ஜன்னலுக்கு வெளியே வண்டி கழுவிக்கொண்டிருக்கிறது என்றேன். ஒரு வாரத்தில் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து என்னிடமும் மெக்கானிக்கிடமும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். உங்களிடமும் வருவார்கள். மெக்கானிக்கின் பெயரை நீக்கி உத்தரவு வரும் என்கிறார்கள். இன்னும் வரவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து, டைம் கீப்பர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். நாளையிலிருந்து மறுபடி வண்டியில். இதை நான் எதிர்பார்த்தேன்.

மெக்கானிக்கிடம் நகலைக் கையில்தான் கொடுத்தேன். கழுவுகிற இடத்தில், கைகளைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். ரெண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். நான் என் பங்கை வாயால் சொன்னேன். அந்த சீட் உறை வரைக்கும் சொன்னேன்.

கடைசியில், "இந்தக் காகிதம் எங்கிட்ட இருக்கலாம் இல்ல?" என்றார். உங்களுக்குத்தான் என்றேன். "என் பொண்ணு அன்னிக்குக் கேட்டா, நீங்க நெஜமாவே பிரேக்கைப் பாக்காம விட்டீங்களாப்பான்னு. பாத்தேன்னுதான் சொன்னேன். ஆனா ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகம் வரும். ஒருவேளை பாக்காம விட்டிருப்பனோன்னு. மூணு வருஷமா அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார். காகிதத்தை நாலாக மடித்து உள்பையில் வைத்தார்.

மாமா மன்னிப்புக் கேட்கச் சொன்னார் என்றேன். நீங்கள் அப்படி எழுதவில்லை. நானாகச் சொன்னேன். "அதெல்லாம் இப்ப வேணாம். அவரு எழுந்து வரட்டும். நேர்ல என்ன சொல்லணுமோ அப்ப சொல்லிக்கறேன்," என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, தணிவாகவும் சொல்லவில்லை. பிறகு குழாயைத் திறந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை என் ஜன்னல் பக்கம் வணக்கம் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அது சரிதான் என்று நினைக்கிறேன்.

மச்சான்


மே 24

மச்சானுக்கு,

ஐந்தாவது தடவை முடிந்தது. இதுதான் கடைசி. ஸ்கேன் ஜூன் பத்தாம் தேதி. அதில் என்ன வரும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூத்திரப்பை நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் அதே மூன்று லிட்டர், அதே இரண்டு மணிக் கணக்கு.

மெக்கானிக் சொன்னது நியாயம். நடக்க முடிந்ததும் நானே வருகிறேன் என்று அவரிடம் சொல். என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் அக்கா கார் பிடிக்கிறேன் என்றாள். வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றேன். முறைத்தாள். ஆனாலும் வந்தாள். ஒன்றரை வண்டி. உட்கார இடம் இல்லாமல் பத்துப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள். கிளம்பும் முன்னால் நர்ஸ் கொடுத்த அரை லிட்டரையும் குடித்திருந்தேன். பாதி வழியில், ரோடு வேலை நடக்கிற இடத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது முட்ட ஆரம்பித்தது. உன் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் போனேன். தலையில் ஒரு முடி இல்லை, வாயை மூடிய துணி, எல்லோரும் வழி விட்டார்கள். டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எனக்குத் தெரிந்த ஆள் இல்லை.

"தம்பி, ஓரமா நிறுத்துப்பா. மூத்திரம் போகணும்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டான். ரோட்டோரம் மண் குவித்து வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அறுபது வயதில் முதல் தடவையாக.

பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். டிரைவரும் இறங்கி வந்து, நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"காலையில ஆறு மணிக்கு எடுத்த வண்டிங்க," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

மாமா